நாட்டு நாய்க்கு எதுவும் ஆகாதா?

திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"எங்கள் வீட்டில் 18 கிலோ சிப்பிப்பாறை ஒன்றும் 6 கிலோ பொமரேனியன் ஒன்றும் வளர்கின்றன. நாங்கள் சாப்பிடுவதுதான் அவற்றுக்கும். சாம்பார் சாதம், ரசம் சாதம், ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பும் எலும்பும், வாங்கி வந்தால் பரோட்டா சால்னா. வெங்காயமும் திராட்சையும் நாய்க்கு விஷம் என்று மூத்த மகன் சண்டை போடுகிறான். இரண்டு வாரம் முன்பு பாயசத்துக்கு வாங்கிய உலர் திராட்சையைச் சின்னவன் ஒரு கை அள்ளிப் பொமரேனியனுக்குப் போட்டுவிட்டான். ஒன்றும் ஆகவில்லை. 'நாட்டு நாய்க்கு எதுவும் ஆகாது, இத்தனை வருஷமா இதத்தான போடுறோம்' என்கிறார் மாமனார். யார் சொல்வது சரி? பிறகு வேறு என்னதான் போடுவது? ஜிகர்தண்டா குடித்த டம்ளரை நக்கக் கொடுக்கலாமா?"

முதலில் அந்த உலர் திராட்சை. இரண்டு வாரம் கடந்து, நாய் வழக்கம்போல் சாப்பிட்டு, வழக்கமான அளவு சிறுநீர் கழிக்கிறது என்றால் உடனடி ஆபத்து தாண்டிவிட்டது. ஆனாலும் ஒருமுறை இரத்தத்தில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் யூரியா, கிரியாட்டினின் அளவுகளைப் பார்த்துவிடுங்கள். ஒரு கை உலர் திராட்சை 30 கிராம் வரும். 6 கிலோ நாய்க்கு அது கிலோவுக்கு 5 கிராம். கிலோவுக்கு 2.8 கிராம் தின்ற நாய்களுக்கே சிறுநீரகம் பழுதான பதிவுகள் உண்டு. உங்கள் நாய் தப்பித்தது உண்மை. அதைப் பார்த்து அடுத்த முறையும் தப்பிக்கும் என்று சொல்ல முடியாது. இதே அளவைத் தின்று அசையாமல் இருக்கும் நாயும் உண்டு, பாதி அளவில் படுத்துவிடும் நாயும் உண்டு. நாயைக் கெடுப்பதாகக் கருதப்படும் அமிலத்தின் அளவு (அது எது என்பதைப் பிறகு சொல்கிறேன்) பழத்துக்குப் பழம் மாறுகிறது, நாய்க்கு நாய் சிறுநீரகத்தின் தாங்குசக்தியும் மாறுகிறது. அதனால்தான் திராட்சையில் 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று ஓர் அளவு வகுக்கப்படவில்லை.

மாமனாரிடம் கோபப்பட வேண்டாம். அவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். சமையலறைப் பொருட்களில் நாய்க்கு ஆகாதவை பலவும் தின்ற அன்றைக்கு எதையும் காட்டுவதில்லை என்பதுதான் இங்கே சிக்கல். திராட்சை தின்ற நாய் முதல் நாளில் ஒன்றிரண்டு வாந்தி எடுக்கும், அதோடு சரியானதுபோல் இருக்கும். சிறுநீரகம் படுப்பது 1 முதல் 3 நாளில். வெங்காயத்தின் விளைவு பெரும்பாலும் 3 முதல் 5 நாள் கழித்து. கொழுப்பால் வரும் கணைய அழற்சி ஓரிரு நாள் கழித்து. பூஞ்சை பிடித்த கடலையைத் தொடர்ந்து தின்றால் ஈரல் கெட்டது தெரிய வாரக்கணக்கில் ஆகலாம். ஞாயிற்றுக்கிழமை தின்ற சால்னாவையும் வியாழக்கிழமை சுருண்டு படுத்த நாயையும் யார் முடிச்சுப் போட்டுப் பார்க்கிறார்கள்? 'வெயில் தாங்கல', 'பாம்பு கடிச்சிருக்கும்' என்று கதை முடிந்துவிடும். சிப்பிப்பாறையானாலும் கோம்பையானாலும் லேப்ரடாரானாலும் சிறுநீரகமும் இரத்தச் சிவப்பணுவும் ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன. வேறுபடுவது எடை. உங்கள் சிப்பிப்பாறை தாங்கும் அளவில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பொமரேனியன் தாங்கும்.

உங்கள் வீட்டுச் சாப்பாட்டில் நான் முதலில் கை வைப்பது வெங்காயத்தில். சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள் எல்லாம் ஒரே குடும்பம். இவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினைச் சிதைத்துக் கட்டியாக்கிவிடும். அப்படிப் பழுதான அணுக்களை உடல் உடைத்துத் தள்ளும், அல்லது அவை தாமே உடையும். கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் ஒரே வேளையில் போனால் இரத்தத்தில் பாதிப்பு தெரியும். பொமரேனியனுக்கு இது 90 கிராம், அதாவது ஒன்பது பத்துச் சின்ன வெங்காயம். சிப்பிப்பாறைக்கு 270 கிராம். பூண்டின் வீரியம் இதைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு.

'பத்து வெங்காயத்தை எந்த நாய் தின்னும்?' என்று தோன்றும். பச்சையாகத் தின்னாது. ஆனால் எண்ணெயில் வதங்கி நீர் வற்றிய வெங்காயம் ஒரு பிடிக்குள் அடங்கிவிடும், கறி மணத்தோடு சால்னாவில் கரைந்து கிடக்கும். வேகவைத்தாலும் வறுத்தாலும் இந்த நஞ்சு போவதில்லை. வெங்காயத்தை எடுத்துப் போட்டுவிட்டுச் சாற்றை மட்டும் ஊற்றினாலும் அதே கதைதான். ஒரே வேளையில் எல்லை தாண்டாவிட்டாலும், தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். தினமும் சாம்பார் சாதம் தின்னும் நாயிடம் பளிச்சென்று ஒன்றும் தெரியாது. இரத்தம் மெல்லக் குறையும், படி ஏறினால் மூச்சு வாங்கும், 'வயசாயிருச்சு' என்று வீட்டில் சொல்வார்கள். நாயின் உதட்டைத் தூக்கி ஈற்றைப் பாருங்கள். நல்ல நிலையில் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தாலோ மஞ்சள் தட்டியிருந்தாலோ, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். சில நாய்களுக்குப் பிறவியிலேயே ஈறு கறுத்திருக்கும். அப்படியானால் கீழ் இமையைச் சற்று இழுத்து உள்பக்க நிறத்தைப் பாருங்கள்.

அடுத்தது புளி. உங்கள் மகன்கூட இதைச் சொல்லியிருக்க மாட்டார். திராட்சையில் நாயைக் கெடுப்பது எது என்பது வெகுகாலம் புரியாமலே இருந்தது. வீட்டில் பிசைந்த விளையாட்டு மாவைத் தின்ற நாய்க்குத் திராட்சை தின்றதைப் போலவே சிறுநீரகம் பழுதானது. அந்த மாவில் டார்டாரிக் அமிலத்தின் உப்பு சேர்ந்திருந்தது. அதிலிருந்து தொடங்கி, காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021-ல் அமெரிக்காவின் கால்நடை நச்சியல் மருத்துவர்கள் எழுதினார்கள். அந்த அமிலம் திராட்சையில் நூற்றுக்கு ஒரு பங்கை ஒட்டி இருக்கும். நம்முடைய புளியில் 8 முதல் 18 பங்கு வரை. புளி தின்ற நாய்களுக்கும் அதே பாதிப்பு வந்த பதிவுகள் இருக்கின்றன.

இதைப் படித்ததும் ரசத்தைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எலுமிச்சை அளவு புளி 30 கிராம், அதில் அமிலம் 3 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் ரசத்தில் அதைக் கரைத்தால் 100 மில்லி கரண்டி ஒன்றில் 0.3 கிராம் இருக்கும். என்றைக்கோ ஒரு கரண்டி போனதற்காக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம். ஆனால் புளியோதரை வேறு. ஒரு ஆள் சாப்பிடும் தட்டுக்குப் புளிக்காய்ச்சலில் 10 கிராம் புளிக்குக் குறையாது, அதில் அமிலம் ஏறக்குறைய 1 கிராம். பொமரேனியன் அந்தத் தட்டைக் காலி செய்தால் 100 கிராம் திராட்சைப் பழம் தின்றதற்குச் சமம். கிலோவுக்கு 20 கிராம் திராட்சையில் நாய்களுக்குப் பாதிப்பு வந்திருக்கிறது என்பதால், 6 கிலோ நாய்க்கு இது எல்லையின் விளிம்பு. வத்தக்குழம்பில் புளி, வெங்காயம், பூண்டு மூன்றும் இருப்பதால் அதை நாய்த் தட்டுப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். மாசி, பங்குனியில் புளி உலுக்கிக் களத்திலும் திண்ணையிலும் காயப்போடும்போது நாயைக் கட்டிவையுங்கள். குட்டிகள் கண்டதையும் மெல்லும்.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பன்னீர் திராட்சை கூடைகூடையாக மதுரைக்கு வருகிறது. பச்சை, கறுப்பு, விதையுள்ளது, இல்லாதது எல்லாம் இந்த விஷயத்தில் ஒன்றுதான். சர்க்கரைப் பொங்கல், கேசரி, பாயசம், கேக் எதிலிருந்தும் உலர் திராட்சையைப் பொறுக்கிவிட்டுக் கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒன்றிரண்டு எப்போதும் தங்கிவிடும்.

எலும்பில் நஞ்சு இல்லை, ஆனாலும் கத்தி வைக்கும் நிலைக்கு அடிக்கடி கொண்டுபோய் விடுவது அதுதான். வெந்த எலும்பு நொறுங்கும்போது கூர்கூராகப் பிளக்கும். கோழியின் கால் எலும்பு இதில் மோசம். தொண்டையிலிருந்து இரைப்பைக்குப் போகும் குழாயில் மூன்று இடங்களில் மாட்டும்: நெஞ்சுக்கூட்டின் வாயில், இதயத்துக்கு மேலே, உதரவிதானத்துக்குச் சற்று முன்னால். மாட்டினால் நாய் கழுத்தை நீட்டி நீட்டி விழுங்கப் பார்க்கும், எச்சில் ஒழுகும், குடித்த தண்ணீர் உடனே திரும்பி வரும். அந்த நேரத்தில் வாழைப்பழமோ சோற்றுருண்டையோ கொடுத்துத் தள்ளிவிடப் பார்ப்பது குழாயைக் கிழித்துவிடும். நல்லி எலும்பின் வளையம் கோரைப்பல்லைத் தாண்டிக் கீழ்த்தாடையில் வளையலாக மாட்டிக்கொள்வதும் உண்டு. இழுக்காதீர்கள், மயக்கம் கொடுத்து வெட்டி எடுக்க வேண்டும். நிறைய எலும்பு தின்றால் மலம் சுண்ணாம்புக் கட்டியாக இறுகி வெளியே வராமல் நிற்கும். இதே கணக்கில் மாங்கொட்டையும் மக்காச்சோளத் தக்கையும் சேரும். இரண்டும் வழவழவென்று உள்ளே போய்ச் சிறுகுடலை அடைத்துவிடும். சோளத் தக்கை எக்ஸ்ரேயில்கூடச் சட்டென்று தெரியாது, அதனால் தின்றதைப் பார்த்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

கறிக்குழம்பின் மேலே மிதக்கும் எண்ணெய், வெட்டிப்போட்ட ஆட்டுக்கொழுப்பு, கோழித்தோல் இவற்றை ஒரே வேளையில் போட்டால் கணையம் வீங்கலாம். உடம்பு பெருத்த சிறு நாய்களுக்கு இது அதிகம். வாந்தியோடு, முன்கால்களைத் தரையில் நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றால் வயிற்று வலி என்று பொருள். கருவாடும் அப்பளமும் உப்புக்காக வேண்டாம்.

சாக்லேட் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நம் பக்கத்து வீடுகளில் அதற்கு நான் கொடுக்கும் இடம் கொஞ்சம் பின்னால்தான், ஆனால் டார்க் சாக்லேட்டும் கோகோ பொடியும் இருக்கும் வீடானால் கவனம் வேண்டும். தியோபுரோமின் என்ற பொருள் கிலோவுக்கு 20 மில்லிகிராமில் வாந்தியும் படபடப்பும், 40 முதல் 50-ல் இதயத் துடிப்புக் கோளாறும், 60-ல் வலிப்பும் தரும். 100 கிராம் பால் சாக்லேட்டில் அது சுமார் 200 மில்லிகிராம். டார்க் சாக்லேட்டில் 40 கிராமிலேயே அவ்வளவு இருக்கும். பொமரேனியனுக்கு இரண்டுமே கிலோவுக்கு 33 மில்லிகிராம் ஆகிவிடும். உள்ளே போனதில் பாதி கழியவே 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், ஒரு நாள் முழுக்கக் கண்காணிப்பு வேண்டும். பில்டரில் மிஞ்சும் காப்பித் திப்பியும் இதே வகைதான். குப்பையில் திறந்து போடாதீர்கள்.

இவை எல்லாவற்றையும்விட வேகமானது சைலிட்டால் என்ற இனிப்பு. வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் கவனியுங்கள். சில சுகர்-ஃப்ரீ சூயிங்கம், மிட்டாய், மவுத்வாஷ், பற்பசையில் இருக்கும். லேபிளில் அந்தப் பெயரோ 967 என்ற எண்ணோ இருக்கும். கிலோவுக்கு 0.1 கிராமில் நாயின் இரத்தச் சர்க்கரை அரை மணி நேரத்துக்குள்ளேயே சரியலாம், 0.5 கிராமில் ஈரல் கெடும். ஸ்டீவியா, சுக்ரலோஸ் இரண்டும் இப்படிச் செய்வதில்லை. தின்றபின் நாய் தள்ளாடினால், சுயநினைவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தேனையோ சர்க்கரைப் பாகையோ ஈற்றில் தேய்த்தபடியே வண்டியில் ஏற்றுங்கள்.

கிராமத்து வீடு என்பதால் சமையலறைக்கு வெளியே இரண்டு. பூச்செடிக்கும் காய்கறிக்கும் உரமாகப் போடும் ஆமணக்குப் புண்ணாக்கு நாய்க்குப் பிடித்த மணம். அதில் ரிசின் என்ற கடும் நஞ்சு தங்கியிருக்கும். தின்ற சில மணி நேரத்திலிருந்து ஒன்றிரண்டு நாளுக்குள் வாந்தியும் இரத்தக் கழிச்சலும் வரும். மூட்டையை உயரத்தில் வையுங்கள், போட்ட உடனே மண்ணைக் கிளறி மூடுங்கள். இரண்டாவது, பூஞ்சை பிடித்த வேர்க்கடலை, கடலைப் புண்ணாக்கு, மக்காச்சோளம். மாட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கியதை நாய்க்குப் போடுவது வழக்கமாக இருக்கிறது. அதிலுள்ள அஃப்ளடாக்ஸின் கொதிக்கவைத்தாலும் போகாது, நாயின் ஈரல் அதை மிகக் குறைவாகவே தாங்கும்.

ஆகாததைத் தின்றுவிட்டால் முதல் இரண்டு மணி நேரம்தான் முக்கியம். திராட்சை மட்டும் இரைப்பையில் கூடுதல் நேரம் தங்கும் என்பதால் ஐந்தாறு மணி நேரம் ஆனபிறகும் முயன்று பார்ப்போம். 'வாந்தி வருதான்னு பாப்போம்' என்று காத்திருக்காதீர்கள். வாயில் மிச்சம் இருந்தால் எடுத்துவிட்டு, மருத்துவருக்குப் போன் செய்து மூன்று விஷயம் சொல்லுங்கள்: என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு. கூடவே நாயின் எடை. அதற்கு இப்போதே நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறிப் பாருங்கள், பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். பாக்கெட், லேபிள், வாந்தி எடுத்திருந்தால் அதன் படம், எல்லாம் கொண்டுபோங்கள். எத்தனை தின்றது என்று தெரியாவிட்டால் பாக்கெட்டில் காணாமல் போனது முழுவதும் உள்ளே போனதாகக் கொள்வோம். இரண்டு நாய்களும் கூட இருந்தால் இரண்டையும் அழைத்து வாருங்கள். கால்நடைத் துறையின் 1962 இலவச எண்ணிலும் கேட்கலாம், ஆனால் வண்டி வரட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

செய்யக்கூடாதவற்றில் முதலாவது, வாந்தி வரட்டும் என்று உப்புத் தண்ணீர் ஊற்றுவது. கிலோவுக்கு 2, 3 கிராம் உப்பே நாய்க்கு நஞ்சு. புளிக்கரைசல் ஊற்றுவது அதைவிடக் கொடுமை, மேலே சொன்ன காரணத்தால். சோப்புத் தண்ணீர், நல்லெண்ணெய், முட்டை வெள்ளை எதையும் வாயைப் பிளந்து ஊற்றினால் புரையேறி நுரையீரலில் இறங்கும், நிமோனியா தனியாக வந்து சேரும். ஹைட்ரஜன் பெராக்சைடு என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அது 3 சதவீதக் கரைசலுக்குச் சொன்னது. நம் மருந்துக்கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது 6 சதவீதம், இரைப்பையைப் புண்ணாக்கிவிடும். மருத்துவரே எடை கேட்டு அளவு சொல்லாமல் அதைத் தொடாதீர்கள். எலும்பு விழுங்கிய நாயையும், வலிப்பில் அல்லது மயக்கத்தில் இருக்கும் நாயையும் எக்காரணம் கொண்டும் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. நஞ்சை உறிஞ்ச மருத்துவர்கள் கொடுக்கும் மருந்துக்கரிக்கு அடுப்புக்கரி ஈடாகாது.

மருத்துவமனையில் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைப்பார்கள், தேவையானால் மருந்துக்கரி கொடுப்பார்கள். திராட்சை, புளி என்றால் குறைந்தது 48 மணி நேரம் டிரிப்ஸும், தினம் கிரியாட்டினினும். 'நாய் நல்லாத்தான இருக்கு' என்று முதல் நாளே ஊசியைக் கழற்றி அழைத்துப்போகாதீர்கள். சிறுநீர் வருவது குறைந்தபிறகு திரும்பிவந்தால் செய்ய அதிகம் இருக்காது.

இனி, என்ன போடுவது? தனிச் சமையல் தேவையில்லை. தாளிப்பதற்கு முன்னால் எடுத்துவைத்தால் போதும். பருப்பு மஞ்சளோடு வெந்ததும், வெங்காயமும் புளியும் சேருமுன் இரண்டு கரண்டி நாய்க்கு. கறி சமைக்கும் நாளில் எலும்பில்லாத துண்டு நான்கைத் தனியாக வேகவைத்துக்கொள்ளுங்கள். சிப்பிப்பாறைக்கு ஒரு நாளைக்குச் சோறு 350 கிராம், வெந்த கோழி 200 கிராம், முட்டை ஒன்று, பூசணி அல்லது கேரட் ஒரு கைப்பிடி, எண்ணெய் ஒரு டீஸ்பூன், இரண்டு வேளையாக. வேட்டைக்கோ ஓட்டத்துக்கோ போகாத நாய் என்றால் சோற்றைக் குறையுங்கள். கோழிக்குப் பதில் பருப்பும் முட்டையும் போடலாம், சோற்றுக்குப் பதில் கம்பங்கூழோ கேழ்வரகுக் களியோ தாராளமாக. பொமரேனியனுக்கு இதில் ஐந்தில் இரண்டு பங்கு. எலும்பை நிறுத்துவதால் சுண்ணாம்புச்சத்துக்கு, கழுவிக் காயவைத்து மாவாக அரைத்த முட்டை ஓடு சிப்பிப்பாறைக்குத் தினம் அரை டீஸ்பூனுக்குச் சற்று மேலே, மற்றதற்குக் கால் டீஸ்பூன். மாமனாருக்குத் தன் தட்டிலிருந்து ஒரு வாய் வைக்காமல் இருக்க முடியாது என்றால் தயிர்ச்சோறோ வெறும் இட்லியோ வைக்கட்டும். ஊறுகாயும் சின்ன வெங்காயமும் ஒட்டாத பக்கத்திலிருந்து.

ஜிகர்தண்டா டம்ளரை நக்குவதில் விஷம் ஏதும் இல்லை. பாதாம் பிசினும் நன்னாரியும் ஒன்றும் செய்யாது. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது என்பதால் முழு டம்ளர் கொடுத்தால் அடுத்த நாள் வாசலைக் கழுவ நேரிடும். மேலே போடும் ஐஸ்கிரீம் சுகர்-ஃப்ரீ என்றால், அதில் சைலிட்டால் இல்லை என்று லேபிளில் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.